பழைய குக்கரின் மூடி

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பை எப்படி வைத்திருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஃபேக்டரி கேன்டீனில் போடுவதை முழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறாயா? இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

நீ போனை எடுப்பதில்லை. உன் பெண்டாட்டி அடித்தாலும் எடுப்பதில்லை, நான் அடித்தாலும் எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தால் 'ஷிப்ட்ல இருக்கேன்' என்று வைத்துவிடுகிறாய். எந்த ஃபேக்டரியில் இருபத்துநாலு மணி நேரமும் ஒரே ஆளுக்கு ஷிப்ட் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கடிதமென்றால் வாட்ச்மேன் உன் கையில் திணித்துவிடுவார். அதற்காகத்தான் தையல் மெஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஒரு குக்கர் வாங்க வேண்டும். பழையது வெடித்து ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து உன் பெண்டாட்டி எல்லாவற்றையும் திறந்த பாத்திரத்தில்தான் வேகவைக்கிறாள். ஏழரைக்குப் பேக்கிங் வேலைக்கு ஓட வேண்டியவள், விடிவதற்கு முன்பே அடுப்பு முன்னால் நிற்கிறாள். அப்படியும் பருப்பு அரை வேக்காடுதான். உன் மகள் ஒரு வாய் கடித்துவிட்டு 'அத்தை, கல்லு' என்று என் உள்ளங்கையில் துப்புகிறாள். ஆறு வயசானாலும் வாலுவுக்கு வாய் மட்டும் குறையவில்லை.

வாலுவின் வெந்த புண் ஆறிவிட்டது. ஆனால் கழுத்தில் தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது. இடது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத் திரும்புகிறாள். காலரை உயர்த்திவைத்து ஆறு கவுன் தைத்துக் கொடுத்திருக்கிறேன். வெளியே தெரியாது.

உனக்குத் தெரியாத குக்கர் இல்லை. பதினெட்டு வருஷம் கடை போட்டு, ஊர்க் குக்கரையெல்லாம் பிரித்து மாட்டினவன். இப்போது குக்கர் செய்கிற இடத்திலேயே வேலை. எந்த மாதிரி, எத்தனை லிட்டர் என்று நீ எழுதினால்தான் அவள் வாங்குவாள். தானாக வாங்க மாட்டாள்.

உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அன்னைக்கு நான் என்ன தப்புப் பண்ணேன்னு அவரத் தெளிவா எழுதச் சொல்லுங்கக்கா. புதுசுல அதப் பண்ணாம இருக்கணும்." ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நீ ஒன்று சொன்னாயே, விசில் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருக்கும், கழுவும்போது இவள் பார்த்திருக்க மாட்டாள் என்று. அதைத்தான் ஏழு மாதமாக மென்றுகொண்டிருக்கிறாள். அன்று குழாயில் ஊதிப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகம். ஊதினேனா, ஊதினதாக நினைப்பா என்று என்னைக் கேட்கிறாள். நான் அந்த நேரம் என் தையல் கடையில் இருந்தேன், எனக்கெப்படித் தெரியும்?

மறக்காமல் பதில் போடு.

உன் அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். கேன்டீன் சாப்பாடு அப்படியொன்றும் மோசமில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மெஷினை ரொம்ப நேரம் மிதிக்காதே.

எனக்கு இங்கே சோதனைப் பிரிவில் வேலை. குக்கரில் தண்ணீர் நிரப்பி, மூடியை மாட்டி, பம்பு வைத்து அழுத்தம் ஏற்ற வேண்டும். எங்காவது கசிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். சரியாக இருந்தால் ஒரு சீட்டில் என் எண்ணைக் குத்திப் பெட்டிக்குள் போட வேண்டும். என் எண் பதினாலு. ஒரு நாளைக்கு முந்நூறு குக்கர் என் கையைத் தாண்டிப் போகும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியம் சீக்கிரம் சூடாகும், ஆனால் நாளாக நாளாக உள்ளே கறுக்கும். எவர்சில்வர் சுத்தமாக இருக்கும், அடி மட்டும் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்கும். அடியைத் தட்டிப் பார். கணீரென்று கேட்டால் மெல்லிசு, வாங்காதே. நம் வீட்டில் இருந்தது வெளிமூடி. இந்தத் தடவை உள்மூடி பாருங்கள். உள்ளே ஆவி இருக்கும்வரை அதைத் திறக்கவே முடியாது. கைப்பிடியில் ஆணி இரண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காஸ்கெட் ரப்பர் விரலால் அழுத்தினால் குழிந்து எழ வேண்டும். அதையும் சேஃப்டி வால்வையும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்று பேருக்கு மூன்று லிட்டர் தாராளம். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பென்றால் பாதிதான்.

வேறு ஏதாவது சந்தேகம் இருந்தால் எழுது. வாலு பள்ளிக்கூடம் போகிறாளா?

உன் தம்பி


பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமென்று எழுதியிருந்தாய், சந்தோஷம். என் முட்டி என்னோடு பிறந்தது, அது வலிக்கட்டும்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "நான் கேட்டதுக்கு எழுதலியேக்கா" என்றாள். குக்கரைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்த உனக்கு அதற்கு ஒரு வரி எழுத வரவில்லையா?

இன்னொன்று. மூன்று பேருக்கு மூன்று லிட்டர் என்கிறாய். அப்படியென்றால் நாலாவது ஆள் வருவதாக இல்லையா? ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலு குக்கரை வரிசையாக வைத்தார். இவள் ஒன்றையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடி, "அண்ணே, நான் ஏற்கெனவே ஒண்ண வெடிக்க வெச்சவ. எனக்கு எதக் குடுப்பீங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அம்மாள் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

நல்ல மனிதர் அவர். மூடியைத் திருப்பி, வால்வைக் காட்டினார். "கொழா அடைச்சாக்கூட பயமில்லம்மா. சூடு ஏறினா இது உருகி, ஆவியெல்லாம் இந்த ஓட்டை வழியா போயிடும். சோறுதான் வேகாது, வேற ஒண்ணும் ஆகாது" என்றார்.

"அப்ப எங்க வீட்டுதுல ஏன் போகல?" என்றாள்.

"பழைய வால்வா இருந்திருக்கும்மா."

"வெடிக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னதான் மாத்தினது அண்ணே. எங்க வீட்டுக்காரரே மாத்தினாரு."

அவர் யோசித்துவிட்டு, மூடியைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறித் தேடினோம். குக்கர் இருக்கிறது, வாய் கோணிப்போய்க் கிடக்கிறது. மூடியைக் காணோம். கரண்டி முதற்கொண்டு எல்லாம் இருக்கிறது, மூடி மட்டும் இல்லை. அதை நீ என்ன செய்தாய்?

குக்கர் இன்னும் வாங்கவில்லை.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அந்த மூடியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். உடைந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடையில் உட்கார்ந்து விற்கிறவருக்குச் சோதனையைப் பற்றி என்ன தெரியும்? வால்வு சில சமயம் வேலை செய்யாமல் போகும். எல்லாவற்றுக்கும் காரணம் தேடிக்கொண்டிருந்தால் முடியாது. நடந்தது நடந்துவிட்டது என்று அவளிடம் சொல்.

கடையில் வாங்க வேண்டாம். ஆட்களுக்கு ஃபேக்டரியிலேயே கொடுப்பார்கள். நானே ஒன்றைச் சோதித்து அனுப்புகிறேன். ஐந்து லிட்டராகவே அனுப்புகிறேன், நாலு பேருக்குச் சரியாக இருக்கும்.

உன் தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதினவன் உள்ளத்துக்கு என்ன என்று எழுதவில்லை. நான் சின்ன வயசிலிருந்து உன்னைப் பார்க்கிறவள். கோபமாக எழுதினால் உனக்கு எங்கேயோ வலிக்கிறது என்று அர்த்தம். எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஐந்து லிட்டர் என்று படித்ததும் இவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அதற்காக உன்னை இந்த ஒரு தடவை மன்னித்தேன்.

ஆனால் அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு நர்ஸம்மாவின் குக்கர் மூடியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விசில் குழாயில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக் கொடுத்தாள். முதலில் ஒரு வீடு. இப்போது தெருவில் ஏழெட்டு வீடு. வேலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வீடு வீடாகப் போகிறாள். 'பாத்துக் குடும்மா, நீ பாத்தா எங்களுக்கு நிம்மதி' என்று அவர்களும் மூடியோடு வாசலில் நிற்கிறார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். நானும் முதலில் சிரித்தேன். போன வாரம் ஒரு வீட்டில் ஆளில்லை. பூட்டின கதவு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

காலையில் வாலுவின் கழுத்தில் களிம்பு தடவுகிறாளே, அப்போது ஒவ்வொரு நாளும் "அம்மாவ மன்னிச்சிரு கண்ணு" என்கிறாள். வாலு பல் விளக்கிக்கொண்டே "பரவால்லம்மா" என்கிறாள். களிம்பு தடவுகிற மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாராவது கழுத்தைப் பற்றிக் கேட்டால் 'எங்கம்மா குக்கர ஒழுங்கா கழுவல' என்று சொல்கிறாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். 'உன் மேல் தப்பில்லை' என்று அவளுக்கு ஒரு வரி எழுது. குக்கர் விஷயத்தில் நீ சொன்னால்தான் அவள் நம்புவாள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது.

உன் அக்கா


மே 20

தம்பிக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. குக்கரும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. உயிரோடு இருக்கிறாயா என்று விசாரிக்க ஃபேக்டரிக்கே போன் செய்தேன். பதினாலாம் நம்பர் ஒரு நாள்கூட லீவு எடுப்பதில்லை என்றார்கள். நல்லது.

அவள் பேக்கிங் வேலையை விட்டுவிட்டாள். அங்கே துணிக்கு இஸ்திரி போடுகிற மெஷினில் ஆவி அடிக்கிற சத்தம் கேட்டால் கை ஓடவில்லையாம். ராத்திரி பகல் பாராமல் ஓடின பெண், இப்போது என் கடையில் பட்டன் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேச்சும் குறைந்துவிட்டது. நேற்று வாலுவிடம், "அம்மா செத்துப் போனா நீ அத்தைகிட்ட சமத்தா இருப்பியா?" என்று கேட்டாள். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலை எடுத்து ஒளித்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எழுது.

அக்கா


ஜூன் 17

அக்கா,

இன்றோடு ஒரு வருஷம். நலம் விசாரித்துத் தொடங்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

மூடியை இரும்புக்குப் போடவில்லை. என் பெட்டியில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அன்று சாயங்காலம் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேனே, அப்போது எடுத்துப் பைக்குள் போட்டேன். அதில் சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் இருக்கிறது. போட்டது நான்.

போன வருஷம் ஏப்ரல் மாதம் வால்வு போய்விட்டது என்று அவள் சொன்னாள். என் பையில் ஒன்று இருந்தது. அதை அன்று காலை ஒரு டீச்சரம்மாவின் குக்கருக்குப் போட்டுவிட்டேன், அவர்கள் அவசரப்படுத்தினார்கள். நம் வீட்டுக்கு அன்றைக்கு மட்டும் ஓடட்டும் என்று ஒரு போல்ட்டை முறுக்கிவைத்தேன். சாயங்காலம் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவள், "வால்வு மாத்தியாச்சா?" என்று கேட்டாள். எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. "ஆச்சு" என்றேன். மறுநாள் மறந்துபோயிற்று. இரண்டு மாதம் அந்த போல்ட்டோடுதான் அவள் சமைத்தாள்.

உனக்கு ஞாபகமிருக்கும். யாராவது இப்படி போல்ட் போட்ட குக்கரைக் கடைக்குக் கொண்டுவந்தால் நான் என்ன சத்தம் போடுவேன்? "எவன் போட்டான் இத? அவன் கைய ஒடிக்கணும்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன். ஊர் வீடுகளுக்கெல்லாம் புது வால்வு போட்டவன் என் வீட்டுக்கு போல்ட் போட்டேன்.

அன்று விசில் குழாய் அடைத்திருக்கலாம். யார் எவ்வளவு கழுவினாலும் என்றாவது ஒருநாள் அடைக்கத்தான் செய்யும். அப்படி அடைத்தால் காப்பாற்றத்தான் அந்த வால்வு. அவள் ஊதிப் பார்த்தாளா இல்லையா என்பதற்கு அர்த்தமே இல்லை.

டாக்டர் கேட்டபோது உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரில் அவள் நின்றாள். வாலுவின் சட்டையைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். என் வாயிலிருந்து வேறொன்று வந்துவிட்டது. மறுநாள் திருத்தலாம் என்று நினைத்தேன். அதையும் அந்த போல்ட் மாதிரியே விட்டுவிட்டேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இங்கே ஓடிவந்தேன். தன் வீட்டுக் குக்கரே வெடித்தவன் கடைக்கு யார் வருவார்கள் என்று உங்களிடம் சொன்னது சாக்கு.

நீ கேட்டாய், பொய்யாகவாவது தப்பில்லை என்று எழுது என்று. அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதமாக நடக்கிறேன். அவளிடம் எப்படிச் சொல்வது, சொல்லலாமா என்று நீதான் முடிவு செய்ய வேண்டும்.

தம்பி


ஜூன் 27

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அதற்குப் பிறகு வெட்டின இரண்டு ரவிக்கையும் பாழ்.

நான் ஒன்றும் முடிவு செய்ய மாட்டேன். நான் சொன்னால் அவள் என்னைப் பார்த்து அழுவாள், நீ அங்கே நிம்மதியாகச் சீட்டில் நம்பர் குத்திக்கொண்டிருப்பாய். நீயே அவளுக்கு எழுது. மூடியையும் அவளுக்கே அனுப்பு. அவள் பைத்தியம் இல்லை என்று அவள் கண்ணால் பார்க்கட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்தேன் என்பதை நினைத்து இன்று முதல்முறையாக வருத்தப்பட்டேன். இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

அக்கா


ஜூலை 15

உனக்கு,

இதோடு குக்கர் வருகிறது. எவர்சில்வர், ஐந்து லிட்டர், உள்மூடி. நானே மூன்று முறை சோதித்தேன். அடி கனம். வால்வு புதிது. கூடவே உதிரி வால்வு ஒன்றும் காஸ்கெட் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

குக்கருக்குள் துணியில் சுற்றிப் பழைய மூடி இருக்கிறது. திருப்பிப் பார். விசில் குழாய்க்குப் பக்கத்தில் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் இருக்கும். அதைப் போட்டது நான். மாற்றியாச்சா என்று நீ கேட்டபோது ஆச்சு என்றது பொய். ஆஸ்பத்திரியில் சொன்னதும் பொய். நீ என்ன தப்புப் பண்ணினாய் என்று கேட்டிருந்தாய். நீ ஒரு தப்பும் பண்ணவில்லை.

வேறு எதையும் கேட்க எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் வரலாமா?

உங்கள் மூவரின் நலத்தை வேண்டி.


செப்டம்பர் 2

உங்களுக்கு,

நலமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம். எழுத வரவில்லை. இங்கே வாலு நலம், அக்கா நலம். அதுவரைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

பெட்டி வந்தது. கடிதத்தை நின்றபடியே படித்தேன். மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்த போல்ட்டைத் தடவிப் பார்த்தேன். விரலால் திருகினேன், அசையவில்லை. நல்ல இறுக்கமாகத்தான் போட்டிருக்கிறீர்கள். அதன்பிறகு நான் செய்த காரியம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜன்னலுக்கு நேரே பிடித்து விசில் குழாயில் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. முழுக்க அடைக்கவில்லையோ, இல்லை இத்தனை நாளில் காய்ந்து உதிர்ந்துவிட்டதோ, இனிமேல் யாருக்குத் தெரியப்போகிறது? நான் அன்று ஊதினேன் என்றுதான் இப்போது நம்புகிறேன்.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் மேல் தப்பில்லை என்று தெருவில் இறங்கிக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்திருக்கும்.

பிறகு உங்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. போல்ட் போட்டதற்குக்கூட இல்லை. மறதி யாருக்கும் வரும். ஒரு வருஷம் நான் அந்தக் குழந்தையின் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேனே, அது உங்களுக்குத் தெரியும். அக்கா எழுதியிருக்கிறார்கள். தெரிந்தும் பேசாமல் இருந்தீர்கள். என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டதற்கு அலுமினியமா எவர்சில்வரா என்று எழுதினவர்தானே நீங்கள்.

போன வாரம் புதுக் குக்கரில் சமைத்தேன். அக்கா பக்கத்தில் நின்றார்கள். வாலு தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். விசில் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுப்பை அணைத்து, ஆவி அடங்கி, மூடியைத் திறந்த பிறகு அவள் மெதுவாக வெளியே வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "இந்தத் தடவ நீ சரியாப் பண்ணிட்டம்மா" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அம்மா எந்தத் தடவையும் தப்புப் பண்ணல கண்ணு, அது உங்கப்பா பண்ணது என்று சொல்ல எத்தனை நேரமாகும்? அவள் உடனே அடுத்ததைச் சொன்னாள். "அப்பா நல்ல குக்கரா அனுப்பிட்டாங்க இல்ல? அப்பாகிட்ட இருந்திருந்தா பழசும் வெடிச்சிருக்காது." சீட்டில் குத்தியிருந்த பதினாலைக் கிழித்துப் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். அது அப்பாவின் நம்பர் என்று வகுப்பில் எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது.

என்னால் சொல்ல முடியவில்லை. என்னை மன்னிக்க அவளுக்குப் பழகிவிட்டது. தினமும் காலையில் பல் விளக்குகிற மாதிரி ஒரு வருஷம் பழகியிருக்கிறாள். இனி உங்களை வைத்து அதை முதலிலிருந்து தொடங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுக்குத் தப்பே செய்யாதவர் என்று ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார். அது நீங்கள். அதையும் பிடுங்கிவிட்டால் அந்தக் கழுத்தோடு அவள் யாரை நம்பி வளர்வாள்?

அதனால் அது என் தப்பாகவே இருக்கட்டும். காலையில் களிம்பு தடவும்போது மன்னிப்புக் கேட்பதை இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன். "என்னம்மா, இன்னிக்கி கேக்கல?" என்றாள். மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வர வேண்டாம். நான் நல்லவள் என்று இதைச் சொல்லவில்லை. நீங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால், உப்பு குறைச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். அதை அடக்க என்னால் ஆகாது. நீங்கள் தூரத்தில் இருக்கிறவரைக்கும்தான் அவளுக்கு நல்ல அப்பா.

மூடியை அக்காவின் துணிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

குக்கர் பெரிதாக இருக்கிறது. மூன்று பேருக்கு வைத்தால் சோறு அடியில் கிடக்கிறது. பழகிக்கொள்கிறோம். காஸ்கெட்டும் வால்வும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தபாலில் அனுப்பினால் போதும். கடைக்காரரிடம் கேட்டு மாட்டக் கற்றுக்கொண்டேன்.